திரையில் தெரியும் பக்கமும் தாளில் வரும் பக்கமும்: ஜூம் எதை மாற்றுகிறது, எதை மாற்றுவதில்லை

கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலை விவசாயிகள் குழு ஒன்றின் கணக்குகளைப் பார்க்கும் ஒரு பெண்மணி, ஒரு மனுவைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, குன்னூரில் நான் வேலை பார்க்கும் தட்டச்சுக் கடைக்கு வந்தார். அவருடைய மடிக்கணினியில் அந்த மனு ஒரே பக்கத்தில் அடங்கி, கடைசி வரியில் தலைவர், செயலாளர் கையெழுத்துகளுக்கான இடத்தோடு முடிந்திருந்தது. எங்கள் கணினியில் திறந்தபோது கையெழுத்து வரி மட்டும் இரண்டாம் பக்கத்துக்குப் போயிருந்தது. மேலே வலப்பக்கம் இருந்த தேதி பாதியில் உடைந்து அடுத்த வரியின் இடது ஓரத்தில் வந்து நின்றது. “வீட்ல சரியாத்தான் இருந்துச்சு அண்ணா. ஜூம் மாத்தினதுல எல்லாம் கலைஞ்சிடுச்சு போல” என்றார்.

இந்தப் பழி, திரையில் பக்கத்தைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் காட்டும் ஜூமின் மேல் விழுவதை நான் ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் கேட்கிறேன். ஜூமைப் பற்றி இரண்டு விதமான தவறான நம்பிக்கைகள் பரவியிருக்கின்றன: ஜூமை மாற்றினால் கோப்பே மாறிவிடும் என்பது ஒன்று, திரையில் நூறு சதவீதத்தில் வைத்துப் பார்த்தால் தாளில் வருவது அப்படியே தெரியும் என்பது இன்னொன்று. இரண்டும் சரியல்ல. ஆனால் இரண்டும் பிறப்பதற்குக் காரணமான உண்மையான நிகழ்வுகள் உண்டு. அவற்றைத்தான் இங்கே படிப்படியாக விளக்க விரும்புகிறேன்.

தொலைநோக்கியில் பார்த்தால் மலை நகர்வதில்லை

தொட்டபெட்டாவில், 2,637 மீட்டர் உயரத்தில், சுற்றுலாப் பயணிகளுக்கான தொலைநோக்கி இல்லம் இருக்கிறது. அதில் கண்ணை வைத்தால் தூரத்துத் தேயிலைத் தோட்டங்களும் வீடுகளும் அருகில் வந்ததுபோல் தெரியும். தோட்டம் ஓர் அடிகூட நகரவில்லை. நாம் பார்க்கும் விதம்தான் மாறியது. ஜூமும் அதுபோன்ற ஒரு கண்ணாடிதான். கோப்புக்குள் எழுதப்பட்டிருக்கும் பக்க அளவு, ஓரம், எழுத்தின் அளவு, வரி இடைவெளி ஆகிய எதையும் அது தொடுவதில்லை. 60 சதவீதத்தில் வைத்து அச்சிட்டாலும் 200 சதவீதத்தில் வைத்து அச்சிட்டாலும் ஒரே தாள்தான் வெளியே வரும்.

எழுத்து சிறிதாகத் தெரிகிறது என்று ஜூமைக் கூட்டுவதற்குப் பதிலாக எழுத்தின் அளவையே 12-இலிருந்து 16-ஆகக் கூட்டிவிடுபவர்கள் உண்டு. அவர்கள் கண்ணாடியை மாற்றாமல் மலையை நகர்த்தியவர்கள். அந்தக் கோப்பு அச்சில் நிச்சயமாக மாறித்தான் வரும்.

பக்கத்துக்கு மில்லிமீட்டர், திரைக்குப் படப்புள்ளி

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு வரும் மலை ரயிலின் இருப்புப்பாதை அகலம் 1,000 மில்லிமீட்டர். அதைக் கைப்பேசியில் படம் எடுத்து எவ்வளவு பெரிதாக்கினாலும் அந்த எண் மாறாது. ஆவணத்தில் உள்ள பக்கமும் அப்படித்தான் உண்மையான நீள அகலங்களைக் கொண்டது. ஏ4 தாள் 210 மில்லிமீட்டர் அகலமும் 297 மில்லிமீட்டர் உயரமும் உடையது. எழுத்தின் அளவைக் குறிக்கும் பாயிண்ட் என்ற அலகும் நீளத்தின் அலகே: 72 பாயிண்ட் சேர்ந்தால் ஓர் அங்குலம். ஆகவே 12 பாயிண்ட் என்பது ஆறில் ஒரு பங்கு அங்குலம், ஏறத்தாழ 4.2 மில்லிமீட்டர்.

திரையோ அப்படிப்பட்டதல்ல. அது படப்புள்ளிகளால் ஆனது. பிக்சல் என்று எல்லோரும் சொல்லும் படப்புள்ளி என்பது, தனியாக நிறம் மாற்றக்கூடிய மிகச் சிறிய கட்டம். அதைப் பாதியாகப் பிளக்க முடியாது. நம் தோடர் பெண்களின் பூத்தையலைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். வெள்ளைப் பருத்தித் துணியின் இழைகளை எண்ணி எண்ணியே சிவப்பும் கறுப்புமான நூலால் அவர்கள் கோலமிடுகிறார்கள்; ஊசி இழைகளுக்கு இடையில்தான் இறங்க முடியும், அரை இழையில் இறங்க முடியாது. அதே கோலத்தை இழை பருத்த துணியில் போட்டால் சாய்ந்த கோடுகள் படிக்கட்டுபோல் தெரியும். இழை மெலிந்த துணியில் போட்டால் வழவழப்பாக வரும். திரை இழை பருத்த துணி. லேசர் அச்சுப்பொறி இழை மெலிந்த துணி. விண்டோஸ் தன் கணக்கில் ஓர் அங்குலத்துக்கு 96 படப்புள்ளி என்று வைத்துக்கொள்கிறது. சாதாரண லேசர் அச்சுப்பொறி ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள் இடுகிறது.

அந்த 96 வெறும் கணக்குதான், அளந்து பார்த்த உண்மை அல்ல. இன்று பலரிடம் இருக்கும் 15.6 அங்குல மடிக்கணினித் திரையில் 1920-க்கு 1080 படப்புள்ளிகள் இருந்தால், உண்மையில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 141 படப்புள்ளிகள் நெருங்கி அமர்ந்திருக்கின்றன. கணினி 96 என்று நம்பி வரைவதால், நூறு சதவீத ஜூமில் ஏ4 பக்கத்தின் அகலம் 210 மில்லிமீட்டருக்குப் பதிலாக 143 மில்லிமீட்டர் அளவிலேயே தெரியும். விண்டோஸின் திரைப் பெருக்கத்தை 125 சதவீதமாக வைத்திருந்தால் அது சுமார் 179 மில்லிமீட்டர். ஒரு ஏ4 தாளை எடுத்துத் திரையின் மேல் பிடித்துப் பாருங்கள். எந்த ஜூமில் இரண்டும் பொருந்துகிறதோ அதுவே உங்கள் கணினியின் உண்மை அளவு.

இதுவரை பார்த்ததில் மனத்தில் நிற்க வேண்டியவை: பக்கம் மில்லிமீட்டரில் வாழ்கிறது, திரை படப்புள்ளியில் வாழ்கிறது, ஜூம் இரண்டுக்கும் இடையில் இருக்கும் பெருக்கல் எண் மட்டுமே.

பசுந்தேயிலை எடையும் எழுத்தின் அகலமும்

கோப்பு மாறவில்லை என்றால், ஜூமை மாற்றும்போது எழுத்துகளுக்கு இடையிலான வெளி ஏன் கூடிக் குறைகிறது? இந்தக் கேள்விக்கு விடை இலை எடை போடும் இடத்தில் இருக்கிறது.

ஒருவர் பத்து மூட்டைப் பசுந்தேயிலை கொண்டுவருகிறார், ஒவ்வொன்றும் 12.4 கிலோ. மொத்தமாக நிறுத்தால் 124 கிலோ. ஆனால் தராசு முழுக் கிலோவை மட்டுமே காட்டும் என்றும், ஒவ்வொரு மூட்டையையும் தனித்தனியாக நிறுத்து எழுத வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 12 என்று பதிவாகும், மொத்தம் 120. நான்கு கிலோ காணாமல் போனது யாருடைய ஏமாற்றாலும் அல்ல. மூட்டைக்கு மூட்டை முழு எண்ணாக்கியதால்.

திரையில் ஒரு வரி எழுத்துகளும் இதே தராசில்தான் நிற்கின்றன. ஓர் எழுத்தின் உண்மை அகலம் 7.4 படப்புள்ளி என்று கொள்வோம். திரையால் 0.4 படப்புள்ளியை வரைய முடியாது. 7 என்று முழுமையாக்குகிறது. வரியில் 60 எழுத்துகள் இருந்தால் 444 படப்புள்ளி நீள வேண்டிய வரி 420-இல் முடிந்துவிடும். 24 படப்புள்ளி, அதாவது கால் அங்குலம், குறைகிறது. இப்போது ஜூமை 105 சதவீதமாக்குங்கள். எழுத்தின் அகலம் 7.77, இது 8 ஆகிறது. வரி 466-க்குப் பதில் 480-ஆக நீண்டுவிடும். ஐந்தே சதவீத மாற்றத்தில், குட்டையாக இருந்த வரி நெட்டையாகிவிட்டது. அச்சுப்பொறியில் அதே எழுத்து 46.25 புள்ளி, 46 என்று முழுமையாக்கினாலும் வரி முழுவதற்கும் 15 புள்ளிதான் குறையும். அது 0.6 மில்லிமீட்டர் அளவே, கண்ணுக்குத் தெரியாது.

இந்தப் பிழையை அப்படியே விட்டிருந்தால் ஒவ்வொரு ஜூமிலும் வரிகள் வெவ்வேறு இடங்களில் முறிந்திருக்கும். அதனால் வேர்டு போன்ற செயலிகள் வரி எங்கே முறிய வேண்டும் என்பதைத் திரையைக் கேட்டு முடிவு செய்வதில்லை. ஓர் அங்குலத்தை 1,440 கூறுகளாக்கிய நுண்ணிய அளவுகோல் ஒன்றில் பக்கத்தை முதலில் கட்டிவிடுகின்றன. பிறகு அந்த வரியைத் திரையில் காட்டும்போது, முறிவு இடத்தை மாற்றாமல், எழுத்துகளுக்கு இடையில் இங்கொரு படப்புள்ளியைக் கூட்டியும் அங்கொன்றைக் குறைத்தும் சமாளிக்கின்றன. சில ஜூம்களில் ஒரு சொல்லின் நடுவே சந்து விழுந்ததுபோல் தெரிவதும், துணைக்கால் முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொண்டதுபோல் தெரிவதும் இதனால்தான். அட்டவணைக் கோடுகளிலும் இதே கதை: அரை பாயிண்ட் கோடு திரையில் 0.67 படப்புள்ளி, ஒரு ஜூமில் ஒன்று தடித்தும் மற்றொன்று மெலிந்தும் தெரியும், அச்சில் இரண்டும் ஒன்றுபோலவே வரும்.

ஆகவே ஒரு சோதனையைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஏதேனும் கோணலாகத் தெரிந்தால் உடனே திருத்தாமல் ஜூமை 200 சதவீதமாக்கிப் பாருங்கள். அங்கே சரியாகிவிட்டால் அது வெறும் தோற்றப் பிழை, கையை எடுத்துவிடுங்கள். அங்கும் இருந்தால்தான் அது கோப்பின் பிழை. திரையில் விழுந்த சந்தை மூடுவதற்காக இடைவெளியை அழித்தவர்களின் சொற்கள் அச்சில் ஒன்றோடொன்று ஒட்டி வந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எக்செல் ஏன் மற்றவற்றைவிட அதிகம் படுத்துகிறது

திரையைக் கேட்காமல் பக்கத்தை முதலிலேயே கட்டிவிடும் நற்பண்பு எக்செலுக்கு முழுமையாகக் கிடையாது. அதில் மேலிருந்து கீழாக ஓடும் நிரலின் அகலம் மில்லிமீட்டரில் குறிக்கப்படுவதில்லை; அடிப்படை எழுத்துருவில் எத்தனை இலக்கங்கள் கொள்ளும் என்ற கணக்கில் குறிக்கப்படுகிறது. கேலிப்ரி 11 பாயிண்டில் வழக்கமான நிரலின் அகலம் 8.43; திரையில் 64 படப்புள்ளி. ஜூம் மாறும்போது கட்டத்தின் அகலம் ஒரு விதமாகவும் உள்ளே இருக்கும் எழுத்துகளின் அகலம் வேறு விதமாகவும் முழுமையாக்கப்படுவதால், நூறு சதவீதத்தில் தெரிந்த தொகை எண்பதில் #### என்று மாறிவிடும். எண் அழியவில்லை, இடம் போதவில்லை என்பதற்கான அடையாளம் அது. ஆனால் அச்சிலும் அதே இடநெருக்கடி வரலாம் என்பதுதான் கவலைக்குரியது. திரையில் முழுதாகத் தெரிந்த கட்டத்தின் கடைசி வரி தாளில் வெட்டுப்பட்டு வருவதும் இந்த முழுமையாக்கலின் விளைவே.

இதற்கு மருந்து எளியது: நிரலை எழுத்துக்கு இறுக்கமாக வைக்காமல் ஓரிரு இலக்க அளவு கூடுதலாக விடுங்கள், நீண்ட வாசகம் உள்ள வரிசையின் உயரத்தைச் சற்றே தாராளமாக்குங்கள், அச்சிடும் முன் பிரிண்ட் பிரிவியூவில் பாருங்கள். பணத்தொகை உள்ள நிரலில் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

வரிகளையே மாற்றி அடுக்கும் காட்சிகள்

சில காட்சிகள் பக்கத்தைக் காட்டுவதே இல்லை. உலாவியில் ஒரு பக்கத்தைப் பெரிதாக்கினால் சாளரத்தின் அகலத்துக்கு ஏற்ப வரிகள் புதிதாக முறிகின்றன. கைப்பேசியில் உள்ள வேர்டின் கைப்பேசிக் காட்சியும், கணினியில் உள்ள வெப் லேஅவுட்டும் அவ்வாறே. வாட்ஸ்அப்பில் வந்த கோப்பைக் கைப்பேசியில் திறந்து “எல்லாம் குலைந்துவிட்டது” என்று பதறுபவர்கள் பெரும்பாலும் இந்தக் காட்சியைத்தான் பார்க்கிறார்கள். பிரிண்ட் லேஅவுட் காட்சிக்கு மாறினால் பக்கம் அதன் இடத்தில் இருக்கும்.

உண்மையிலேயே பக்கத்தை மாற்றுபவை

இனி அந்தப் பெண்மணியின் மனுவுக்கு வருவோம். அதைக் கலைத்தது ஜூம் அல்ல. மூன்று காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்திருந்தன.

முதலாவது எழுத்துரு. கோப்பு வழக்கமாக எழுத்துருவின் பெயரை மட்டுமே எடுத்துச் செல்கிறது. எழுத்துருவையே எடுத்துச் செல்வதில்லை. அந்தப் பெயருள்ள எழுத்துரு வேறு கணினியில் இல்லாவிட்டால், செயலி சத்தமில்லாமல் வேறொன்றைப் போட்டு நிரப்பிக்கொள்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டியிருந்தால் இது உடனே தெரிந்துவிடும்: தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும், மெய்யெழுத்துப் புள்ளி இருந்த இடமெல்லாம் அரைப்புள்ளிகளும் வரிசையாக நிற்கும். தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியை (யூனிகோடை) தரமாக ஏற்ற பின்னர் புதிய கோப்புகளில் இந்தத் தொல்லை பெருமளவு குறைந்தது. ஆனால் ஒருங்குறியில் வரும் மாற்றம் நுட்பமானது. எழுத்துகள் சரியாகவே தெரியும். அகலமும் வரி உயரமும் மட்டும் மாறியிருக்கும். விண்டோஸில் கிடைக்கும் லதா, விஜயா, நிர்மலா ஆகிய மூன்றிலும் ஒரே பத்தியை ஒரே அளவில் வைத்துப் பாருங்கள். மூன்றும் வெவ்வேறு நீளத்தில் முடியும். மேல்விலங்கும் கீழ்ச்சுழியும் உள்ள நம் எழுத்துகளுக்கு ஒவ்வொரு எழுத்துரு வடிவமைப்பாளரும் வெவ்வேறு உயரம் ஒதுக்குகிறார்கள். வரியின் உயரம் ஐந்து சதவீதம் கூடினால் நாற்பது வரிப் பக்கத்தில் இரண்டு வரிகள் வெளியே தள்ளப்படும். அந்த மனுவில் தள்ளப்பட்டது கையெழுத்து வரி.

இரண்டாவது தாளின் அளவு. அந்தக் கோப்பு லெட்டர் தாளுக்கு அமைக்கப்பட்டிருந்தது. வட அமெரிக்காவில் வழக்கிலுள்ள லெட்டர் 215.9-க்கு 279.4 மில்லிமீட்டர், நம் ஏ4-ஐவிடச் சற்றே அகலம், கிட்டத்தட்ட 18 மில்லிமீட்டர் குட்டை. செயலியை நிறுவும்போது அமைந்துவிட்ட லெட்டரை மாற்றாமல் நம் ஊரில் ஆண்டுக்கணக்கில் தட்டுகிறார்கள். அச்சிடும்போது அது ஏ4-க்குள் சுருக்கித் திணிக்கப்படுகிறது.

மூன்றாவது, நான் மிகவும் வருந்துவது, ஸ்பேஸ் பாரால் இடம் தள்ளுவது. மேலே தேதியை வலப்பக்கம் கொண்டுபோக அவர் நாற்பதுக்கும் மேற்பட்ட இடைவெளிகளைத் தட்டியிருந்தார். ஓர் இடைவெளியின் அகலம் எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும். நாற்பது முறை அந்த வேறுபாடு சேர்ந்தால் தேதி ஓரத்தைத் தாண்டி அடுத்த வரியில் விழுகிறது. இதுவும் தேயிலை மூட்டைக் கணக்கே. வலப்பக்கம் வேண்டுமென்றால் வலப்பக்க ஒழுங்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே வரியில் இடமும் வலமும் வேண்டுமென்றால் டேப் நிறுத்தம் ஒன்றை வலது ஓரத்தில் வைக்க வேண்டும். புதுப்பக்கம் வேண்டுமென்றால் என்டரை வரிசையாகத் தட்டாமல் கன்ட்ரோலும் என்டரும் சேர்த்து ஒருமுறை தட்ட வேண்டும். டேப் நிறுத்தம் “ஓரத்திலிருந்து 16 சென்டிமீட்டர்” என்று நீளத்தைச் சொல்கிறது. ஸ்பேஸ் பார் “கொஞ்சம் தள்ளு, இன்னும் கொஞ்சம் தள்ளு” என்கிறது. முதலாவது எந்தக் கணினியிலும் ஒரே இடத்தில் நிற்கும்.

அவர் கோப்பில் தாளை ஏ4 ஆக்கி, எழுத்துருவை நிர்மலாவாக நிலைநிறுத்தி, இடைவெளிகளை அழித்து டேப் வைத்தோம். கையெழுத்து வரிக்கு முந்தைய இரண்டு பத்திகளுக்கு, அடுத்த பத்தியோடு சேர்ந்தே இருக்க வேண்டும் என்ற ‘கீப் வித் நெக்ஸ்ட்’ அமைப்பைக் கொடுத்தோம். இனி எந்தக் காரணத்தால் பக்கம் நிரம்பினாலும் கையெழுத்து வரி அநாதையாகப் போகாது, மனுவின் கடைசி வாசகங்களையும் கூட அழைத்துக்கொண்டே போகும். இருபது நிமிட வேலை.

பழைய கோப்புகளில் நான்காவது காரணம் ஒன்றும் உண்டு. சில செயலிகள் அச்சுப்பொறியின் அளவீடுகளைக் கேட்டு வரியை முறிக்கும். அச்சுப்பொறியை மாற்றினால் வரியும் மாறும். வேர்டைப் போன்ற செயலியான லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் இந்தத் தேர்வு இன்றும் பொருந்துமை அமைப்புகளில் இருக்கிறது. புதிய கோப்புகளுக்கு அதை விலக்கியே வையுங்கள்.

சுருக்கமாக: எழுத்துரு, தாள், தட்டியவர் இடம் ஒதுக்கிய விதம், சில வேளைகளில் அச்சுப்பொறி. வரி உண்மையிலேயே இடம் மாறியிருந்தால் இவற்றில்தான் தேட வேண்டும்.

அச்சிடும் பெட்டியில் ஒளிந்திருக்கும் சுருக்கம்

கோப்பு சரியாக இருந்தும் தாளில் அளவு குறைந்து வருவதுண்டு. பெரும்பாலான அச்சுப்பொறிகள் தாளின் விளிம்புவரை மை இடுவதில்லை. நாற்புறமும் சில மில்லிமீட்டர் விட்டுவிடுகின்றன. பிடிஎஃப் செயலிகளில் ‘ஃபிட்’ என்ற தேர்வு, பக்கம் முழுவதையும் அந்த ஓரங்களுக்கு உட்பட்ட பகுதிக்குள் அடக்கச் சில சதவீதம் சுருக்குகிறது. கடிதத்துக்கு அது ஒன்றும் செய்யாது. ஆனால் 35-க்கு 45 மில்லிமீட்டர் புகைப்படம் 97 சதவீதத்தில் 34-க்கு 43.7 ஆகிவிடும், முன்பே அச்சிட்ட படிவத்தின் கட்டங்களில் எழுத்துகள் கோட்டின் மேல் ஏறும். இத்தகைய வேலைகளுக்கு ‘ஆக்சுவல் சைஸ்’ அல்லது 100 சதவீதத்தைத் தேர்ந்தெடுங்கள்.

சரிபார்ப்பதற்குக் கண்ணை நம்ப வேண்டாம். கோப்பின் மூலையில் சரியாக 100 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு கோடு வரைந்து அச்சிட்டு, பள்ளிப் பிள்ளைகளின் அளவுகோலை வைத்துப் பாருங்கள். 97 என்று காட்டினால் எங்கோ சுருக்கம் ஒளிந்திருக்கிறது.

பிடிஎஃப் எதைக் காப்பாற்றுகிறது

அடோபி நிறுவனம் 1993-இல் வெளியிட்டு, 2008-இல் உலகத் தரமாக ஏற்கப்பட்ட பிடிஎஃப் வடிவம், பக்கத்தைக் கட்டி முடித்த நிலையில் எடுத்துச் செல்கிறது. எந்த எழுத்து எந்த இடத்தில் என்பது உள்ளே எழுதப்பட்டிருக்கும். எழுத்துருவின் வடிவங்களும் பெரும்பாலும் கோப்புக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கும். இதற்குப் பொதித்தல் என்று பெயர். எனவே கடைக்குக் கொண்டுவரும்போது பிடிஎஃப்பும் மூலக் கோப்பும் இரண்டும் கொண்டுவருவதே நல்லது: முதலாவது அச்சிட, இரண்டாவது திருத்த. ஒரு மூலக் கோப்பைப் பிறர் திருத்த வேண்டியிருந்தால், வேர்டின் சேமிப்பு அமைப்புகளில் எழுத்துருவைக் கோப்பிலேயே பொதிக்கும் தேர்வும் இருக்கிறது. ஆனால் சில எழுத்துருக்கள் பொதிக்க அனுமதிப்பதில்லை. பிடிஎஃப் ஆக்குவதற்கு முன்பே தாள் லெட்டராகவும் தேதி ஸ்பேஸ் பாரிலும் இருந்தால், அந்தப் பிழைகளும் அப்படியே உறைந்துவிடும்.

மழைக்காலத் தாள்

எங்கள் மலையில் அடிக்கடி நேரும் ஒரு சேதியையும் சொல்லிவிடுகிறேன். மூடுபனி இறங்கும் மாதங்களில், பிரித்து வைத்த தாள்கட்டு காற்றின் ஈரத்தைக் குடித்து இம்மியளவு விரிகிறது. லேசர் அச்சுப்பொறியின் சூடான உருளைக்குள் போகும்போது அந்த ஈரம் ஆவியாகித் தாள் சுருங்குகிறது. இருபுறமும் அச்சிடும்போது முதல் பக்கம் விரிந்த தாளிலும் இரண்டாம் பக்கம் சுருங்கிய தாளிலும் விழுவதால், வெளிச்சத்தில் பிடித்தால் முன்பின் கட்டங்கள் நூலிழை அளவு விலகித் தெரியும். இதற்குக் கோப்பில் எந்தத் திருத்தமும் உதவாது. தாளை அதன் உறையிலேயே மூடி, தரையில் படாமல் வைத்து, வேண்டிய அளவு மட்டும் எடுத்துப் போடுகிறோம். கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தியே ஆக வேண்டிய சான்றிதழ் வேலையாக இருந்தால், புதுக்கட்டு ஒன்றைப் பிரித்த அதே வேளையில் முடித்துவிடுகிறோம்.